மண்ணெண்ணெய்க் காலத்துச் சைலன்சர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பொருளாதாரத் தடைக்காலத்தைப் பற்றி எழுதுபவர்கள் ஜாம் போத்தல் விளக்கைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளையும் காரையும் குறிப்பிடுகிறார்கள். எரிந்த மண்ணெண்ணெய் பிறகு என்னவாயிற்று என்பதுதான் அவர்களின் எழுத்தில் இடம்பெறுவதில்லை. அதில் ஒரு பகுதி வீதியில் போனவர்களின் கண்ணையும் தொண்டையையும் எரித்த புகையாயிற்று. மற்றொரு பகுதி சைலன்சருக்குள் கரியாகப் படிந்தது. அந்தக் கரியை அகற்றுவதும், அகற்றி அகற்றி ஓட்டை விழுந்த சைலன்சரைக் கழற்றி வேறொன்றை மாட்டுவதும் 1990 முதல் 1995 வரை எங்கள் வீட்டு முற்றங்களில் நடந்த வேலைகள். கராஜுக்குள் கால் வைத்திராத ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் கமக்காரர்களும் அந்த வேலையைச் செய்தார்கள். அவர்கள் எப்படிச் செய்தார்கள், எங்கிருந்து அதைக் கற்றார்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

முதலில் சைலன்சர் என்ற பொருளைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

எஞ்சினின் வெளியேற்றச் சத்தத்தைக் குறைக்கும் கருவிக்கு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரைச் சேர்ந்த மில்ற்றன் றீவ்ஸ், மார்ஷல் றீவ்ஸ் என்ற சகோதரர்கள் 1897ஆம் ஆண்டு மே மாதம் காப்புரிமை பெற்றார்கள். வீதிகள் அன்று குதிரைகளுக்குரியவையாக இருந்தன. மோட்டார் வண்டியின் வெடிச்சத்தத்தில் குதிரைகள் மிரண்டன. அமெரிக்கர்கள் இக்கருவியை மப்ளர் என்றார்கள், ஆங்கிலேயர்கள் சைலன்சர் என்றார்கள். பிரித்தானிய ஆட்சியில் இருந்த நாங்கள் ஆங்கிலேயரின் சொல்லையே எடுத்துக்கொண்டோம். துப்பாக்கிக்குச் சைலன்சர் செய்து 1909இல் காப்புரிமை பெற்றவர் ஹைரம் பேர்சி மக்சிம். அவருடைய தந்தை ஹைரம் ஸ்டீவன்ஸ் மக்சிம்தான் மக்சிம் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர். தந்தை பெருக்கிய சத்தத்தை மகன் அடக்க முயன்றார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மகன் அடிப்படையில் ஒரு மோட்டார் பொறியியலாளர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அந்த வேடிக்கைக்குள் இருக்கும் தொடர்பு விளங்கும். வாயு ஒரே வீச்சில் வெளியே பாயாதபடி அதைத் தடுத்து, சுழற்றி, ஆறவிட்டு அனுப்புவதே இரண்டு கருவிகளுக்கும் பொதுவான வழி.

சைலன்சர் இருந்தால் வேகம் குறையும் என்ற நம்பிக்கை அதன் வயதளவு பழையது. இங்கிலாந்தின் புரூக்லான்ட்ஸ் பந்தயத் தடத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் சத்தம் தாங்காமல் 1920களில் நீதிமன்றம் சென்றார்கள். அதன் பின் பந்தய வண்டிகளுக்கும் சைலன்சர் கட்டாயமாயிற்று. மீன்வால் போன்ற முனையுடைய அந்தத் தகர உருளை ‘புரூக்லான்ட்ஸ் கேன்’ என்றே பெயர் பெற்றது. பந்தயக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் பந்தயம் நடந்துகொண்டுதான் இருந்தது.

குடாநாட்டுக்கு வருவோம். 1977க்குப் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டதும் ஜப்பானிய மோட்டார் சைக்கிள்கள் இங்கு பெருமளவில் வந்து சேர்ந்தன. அவற்றிலும் ஹொண்டாவின் சிறிய வண்டிகளே எங்கள் ஒழுங்கைகளுக்கு வாய்ப்பாக இருந்தன. ‘பிப்ரி’, ‘நைன்ரி’, ‘சாலி’ என்று செல்லப் பெயர்களாலேயே அவற்றை அழைத்தோம். எம்.டி. 90 என்ற சிவப்பு வண்டி ஜப்பானியத் தபாற்காரர்களுக்காகச் செய்யப்பட்டது. அங்கே கடிதம் சுமந்து களைத்த பின் இங்கே வந்து வெங்காய மூடையையும் புகையிலைச் சிப்பத்தையும் சுமந்தது. இவை நான்கு வீச்சு எஞ்சின்கள். இவற்றின் சைலன்சர் முழுவதும் ஒட்டி மூடப்பட்டது. இரண்டு வீச்சு யமகா, சுசுகி வண்டிகளில் பெற்றோலோடு எண்ணெயும் எரிவதால் கரி அதிகம் படியும் என்று உற்பத்தியாளருக்கே தெரியும். ஆகவே அவற்றின் பின்முனையில் ஒரு திருகாணியைக் கழற்றினால் உள்ளிருக்கும் துளைக்குழாய் கையோடு வரும்படி அமைத்திருந்தார்கள். ஹொண்டாவில் அந்த வசதி இல்லை. பெற்றோலில் ஓடும்வரை அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. பெற்றோல், டீசல், மின்கலம், உரம், சீமெந்து, வாகன உதிரிப்பாகங்கள் என்று வடக்குக்குத் தடுக்கப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. மின்சாரமும் நின்றது. சங்கக்கடையில் குடும்ப அட்டைக்கு அளந்து கொடுத்த மண்ணெண்ணெயே சாதாரண குடும்பமொன்றுக்கு எட்டக்கூடிய ஒரே எரிபொருளாக எஞ்சியது. மோட்டார் சைக்கிளை அதில் ஓட்டலாம் என்ற எண்ணம் யாரோ ஒரு மேதைக்கு ஓர் இரவில் தோன்றியதாகக் கதைகள் உண்டு. அவற்றை நான் ஏற்பதில்லை. அந்த அறிவு எங்கள் தோட்டங்களில் அதற்கு முன்பே இருந்தது. நீர் இறைக்கும் இயந்திரங்கள் பல ஆண்டுகளாக மண்ணெண்ணெயில்தான் ஓடின. அவற்றில் சிறிய தாங்கி ஒன்றும் பெரிய தாங்கி ஒன்றும் இருக்கும். சிறியதில் உள்ள பெற்றோலில் தொடக்கி, எஞ்சின் சூடேறியதும் குழாயைத் திருப்பிப் பெரிய தாங்கியின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மரவள்ளிக்கும் மிளகாய்க்கும் நீர் பாய்ச்சிய ஒவ்வொரு கமக்காரனும் இதைச் சிறு வயதிலேயே செய்து பழகியவன். அந்தப் பழக்கமே தோட்டத்திலிருந்து வீதிக்கு வந்தது. இரண்டாம் தாங்கிக்குப் பதிலாக ஒரு சிறு பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை வைத்துக்கொண்டு, காபரேற்றருக்குள் சில துளிகள் பீச்சி, உதைத்துத் தொடக்கினார்கள். படித்தவர்கள் கமக்காரனிடம் பாடம் கேட்ட அரிய சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

இதற்குள் இருக்கும் சிக்கல் எளிதானது. பெற்றோல் சுமார் 40 பாகை செல்சியசில் ஆவியாகத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெய் 150 பாகையை எட்ட வேண்டும். சூடேறாத எஞ்சினுக்குள் அது ஆவியாகப் போகாமல் துளிகளாகவே போய் அரைகுறையாக எரியும். எரியாத பகுதி சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அரைகுறையாக எரிந்தது கரியாகிச் சைலன்சருக்குப் போகும். மண்ணெண்ணெய் அமுக்கத்தையும் தாங்காது, நேரத்துக்கு முன்பே தானாக எரிந்து எஞ்சினை ‘அடிக்க’ வைக்கும். இதற்காகச் சிலிண்டர்த் தலைக்குக் கீழே கூடுதலாகக் கஸ்கெற் வைத்து அமுக்கத்தைக் குறைத்தார்கள். அமுக்கம் குறைந்ததும் வலு குறைந்தது. வலுக் குறைந்த வண்டியில் மூவர் ஏறினார்கள், ஏனென்றால் ஓடிய வண்டிகள் குறைவு.

சில மாதங்களில் வண்டி மூச்சுத் திணறத் தொடங்கும். மேட்டில் ஏறாது. விசையைக் கூட்டினாலும் எஞ்சின் எழாது. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பார்ப்பார்கள், காபரேற்றரைக் கழுவிப் பார்ப்பார்கள். உண்மையான நோய் பின்னால் இருக்கும். சைலன்சருக்குள் உள்ள அறைகளின் துளைகள் கரியால் அடைபட்டுப் போனால் எரிந்த வாயுவுக்கு வெளியேற வழியில்லை. பழையது வெளியேறாத இடத்தில் புதியது எப்படி நுழையும்? சைலன்சரின் வாயில் உள்ளங்கையைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, வாயு வரும் வேகத்தைக் கொண்டே அடைப்பை அறிந்துகொண்ட ஆசிரியர் ஒருவரை நான் அறிவேன். அவர் கற்பித்தது வரலாறு.

கழற்றுவதில் ஓர் ஒழுங்கு இருந்தது. சிலிண்டர்த் தலையில் இரண்டு தண்டாணிகள், அவற்றில் இரண்டு நட்டுகள், பின்னால் சட்டத்தோடு இணைக்கும் ஒரு போல்ட்டு. மொத்தமே மூன்று முடிச்சுகள்தான். ஆனால் அந்த இரண்டு நட்டுகளும் வருடக்கணக்காக நெருப்பில் வெந்து துருவோடு ஒட்டிப்போனவை. அவசரப்பட்டுத் திருகினால் தண்டாணி முறிந்து அலுமினியத் தலைக்குள் தங்கிவிடும். மின்சாரம் இல்லாத ஊரில் அதைத் துளைத்தெடுக்கத் துளைப்பொறிக்கு எங்கே போவது? முறிந்த ஒரு தண்டாணி ஒரு வண்டியையே மாதக்கணக்கில் மூலையில் நிறுத்திவிடும். ஆகவே முதல்நாள் இரவே அந்த நட்டுகளில் மண்ணெண்ணெயைத் துளித்துளியாக விட்டு ஊறவைத்தார்கள். காலையில் எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போது, தளர்த்துவதற்கு முன் மயிரிழை அளவு இறுக்கும் பக்கமாகத் திருப்பி, துருப்பிடி விட்டதும் மறுபக்கம் திருப்பினார்கள். இரு நட்டுகளையும் மாறி மாறிக் கழற்றினார்கள். பின் போல்ட்டைக் கழற்றும்போது சைலன்சரைத் தாங்கிப் பிடிக்க வீட்டுப் பிள்ளையொன்று பக்கத்தில் இருக்கும்.

கழற்றிய சைலன்சரைச் சுத்தம் செய்ய வழிகள் பல. மரக்கட்டையால் சுற்றிவரத் தட்டினால் காய்ந்த கரி உதிரும். சைக்கிள் பிறேக் கம்பியின் முனையைப் பிரித்துத் துடைப்பம்போல் விரித்து உள்ளே விட்டுச் சுழற்றினால் வளைவில் உள்ளது வரும். பிசினாகிப் போன கரிக்கு நெருப்புத்தான் மருந்து. சிரட்டைக் கரித் தணலில் கிடத்தி உள்ளிருப்பது எரிந்து சாம்பலாகும்வரை விடுவார்கள். கோஸ்ரிக் சோடா கிடைத்தவர்கள் அதைக் கரைத்து ஊற்றி ஊறவைத்துக் கழுவினார்கள். சவர்க்காரமே தட்டுப்பாடான காலத்தில் அது கிடைப்பது அருமை. எல்லா வழிகளிலும் உள்ளிருந்து கொட்டியது ஒரே கறுப்புத் தூள். கைக்குட்டைகூடக் கட்டாமல் அதை ஊதித் தள்ளினோம்.

கஸ்கெற் என்ற செப்பு வளையத்தின் கதை தனி. குழாய் தலையோடு சேரும் இடத்தில் அது நசுங்கி இடைவெளியை அடைக்க வேண்டும். ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது, புதியது போட வேண்டும். புதியதோ தடைசெய்யப்பட்ட உதிரிப்பாகம். அறுந்துபோன மின்வயர்களின் செப்புக் கம்பியை உருவி, முறுக்கி, வளையமாக்கித் தட்டித் தட்டையாக்கினார்கள். பழைய அடுப்புகளிலிருந்து எடுத்த அஸ்பெஸ்ரஸ் கயிற்றைச் சுற்றியவர்களும் உண்டு. அந்த இழை நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. தடைக்காலம் எத்தனை பேரைக் கொன்றது என்று கணக்கெடுப்பவர்கள் இப்படியான கணக்குகளை எங்கே சேர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

திரும்ப மாட்டுவதிலும் ஒழுங்கு முக்கியம். மூன்றையும் முதலில் கையால் மட்டும் பொருத்திவிட்டு, முன் நட்டுகளை மாறி மாறி இறுக்கிய பிறகே பின் போல்ட்டை இறுக்க வேண்டும். பின்னதை முதலில் இறுக்கினால் குழாய் கோணலாக இழுபட்டு, கஸ்கெற் ஒருபக்கம் வாயைத் திறந்தபடி இருக்கும். அதன் வழியே காற்று நுழைந்தால் விசையை விடும்போதெல்லாம் சைலன்சர் ‘பட் பட்’ என்று வெடிக்கும்.

அந்த வெடிப்புக்குத்தான் மக்கள் மிகவும் அஞ்சினார்கள். இந்த இடம் வேறு ஊரார்க்கு விளங்காது என்பதால் விரித்துச் சொல்கிறேன். அந்த ஆண்டுகளில் நாங்கள் வானத்தைக் கேட்டுக்கொண்டு வாழ்ந்தோம். ஹெலியின் ஓசை வேறு, சியாமாசெட்டியின் ஓசை வேறு, ‘சகடை’ என்று நாங்கள் பெயரிட்ட விமானத்தின் ஓசை வேறு. எந்த ஓசைக்குப் பதுங்குகுழிக்கு ஓட வேண்டும், எந்த ஓசைக்கு மதிலோரம் நின்றால் போதும் என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஓட்டைச் சைலன்சரோடு வரும் மோட்டார் சைக்கிள் அந்த ஓசைகளை மறைத்துவிடும். ஓட்டுபவருக்கு மட்டுமன்றி, அவர் கடந்து செல்லும் வீதி முழுவதற்கும் அந்த ஒரு நிமிடம் வானம் கேட்காது. ஆகவே சத்தமிடும் வண்டியோடு போகிறவரை வீதியில் நின்றவர்கள் ஏசினார்கள். கோபத்தில் கல்லெடுத்தவர்களும் உண்டு. பலர் சந்திகளில் எஞ்சினை நிறுத்திச் சற்றுக் காது கொடுத்த பிறகே மீண்டும் உதைத்தார்கள். எங்கள் பக்கத்துக் கராஜ்காரர் ஒருவர் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது எப்போதும் சொல்லும் வாசகம் எனக்கு நினைவிருக்கிறது: “தம்பி, முதல் வானத்தைக் கேளும், பிறகு உதையும்.”

உலகின் மற்ற இடங்களில் சைலன்சர் அயலவரின் தூக்கத்துக்கானது. குதிரை மிரளக் கூடாது என்பதற்காகத் தொடங்கிய அந்தக் கருவி எங்களிடம் உயிருக்கானதாயிற்று. தகரப் பேணியை வெட்டி ஓட்டைமேல் சுற்றி, கம்பியால் வரிந்து, இடைவெளியில் களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசிய சைலன்சர்களை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு அவை புண்ணுக்குக் கட்டுப்போட்டதுபோல் இருக்கும். அந்த ஒட்டு சில நாட்களுக்குத் தாங்கும். பிறகு மீண்டும் முற்றத்தில் சாக்கை விரிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வண்டி குடித்த மண்ணெண்ணெயும் வீட்டு விளக்கு குடித்த மண்ணெண்ணெயும் ஒரே போத்தலிலிருந்து வந்தவை. பஞ்சுத் திரி வைத்த ஜாம் போத்தல் விளக்கு ஓர் இரவுக்கு எரிக்கும் எண்ணெய் மிகச் சொற்பம். மோட்டார் சைக்கிள் ஒருமுறை மானிப்பாயிலிருந்து பருத்தித்துறைக்குப் போய்வந்தால் ஒரு மாணவன் பல இரவுகள் படிப்பதற்கான எண்ணெய் தீர்ந்துவிடும். வெளியிலே வாங்கப் பணம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குத் தேவைப்படவில்லை. அட்டைக்கு வருவதை மட்டும் நம்பியிருந்த வீடுகளில் இதற்காகச் சண்டை நடந்தது. தடைக்காலத்தில் எல்லோரும் ஒரே மாதிரி வாழ்ந்தோம் என்று இன்று உருக்கத்தோடு எழுதுகிறார்கள். நான் பார்த்தது அப்படியில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களும் பெரும்பாலும் அதைத் தள்ளிக்கொண்டே போனார்கள். எரிபொருள் இருந்தாலும் ஓட்ட இடமில்லை, வீதி முழுவதும் மனிதர்கள். வன்னிக்குப் போனவர்களோடு இந்தத் தொழிலும் போயிற்று. 1996க்குப் பின் அங்கேயும் தடை இருந்தது, அங்கேயும் மண்ணெண்ணெய் எரிந்தது. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்ததும் பெற்றோலும் புதிய இந்திய வண்டிகளும் வடக்கே வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டபோது பழைய சின்னப் போத்தல்களைச் சிலர் மீண்டும் தேடி எடுத்தார்கள்.

அதன் பின் இந்த அறிவு தேவைப்படாது என்றுதான் எண்ணியிருந்தோம். 2022இல் நாடு முழுவதுமே எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. கியூ.ஆர். அட்டை முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். தெற்கிலுள்ள நண்பர்கள் சிலர் என்னிடம் தொலைபேசியில் கேட்டார்கள், நீங்கள் அந்தக் காலத்தில் எப்படி ஓட்டினீர்கள் என்று. நான் சொன்ன பதில் அவர்களுக்கு உதவவில்லை. மண்ணெண்ணெய்க்கும் வரிசை இருந்தது. ஓகஸ்டில் அதன் விலையும் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. அதைவிட, புதிய வண்டிகள் அந்தப் பழைய வித்தைக்கு இடம் கொடுப்பதில்லை. அவற்றில் பலவற்றுக்குக் காபரேற்றர் இல்லை, கணினி எரிபொருளை அளந்து பீச்சுகிறது. சைலன்சரின் பாதையில் நச்சு வாயுவைக் குறைக்கும் வினையூக்கி இருக்கிறது, ஒட்சிசனை அளக்கும் உணரி இருக்கிறது. மண்ணெண்ணெய்க் கரி இரண்டையும் கெடுத்துவிடும். தண்டாணியும் நட்டும் இன்னும் இருக்கின்றன, கழற்றுவதும் முடியும். ஆனால் கரியை எரித்துத் தள்ளத் தணலில் கிடத்தினால் விலையுயர்ந்த பகுதியும் சேர்ந்து போகும்.

மறுபுறம், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டிகள் பொன்னாயின. மூலையில் கிடந்த எம்.டி. 90களைத் தேடி எடுத்து ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாக உருவாகிச் சைலன்சர் வழியே போகிறது. குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில் அது வெளியேறாமல் உள்ளேயே தங்கித் துருவாகிறது. அதனால் அந்தப் பழைய வண்டிகளில் முதலில் மாற்ற வேண்டியிருந்தது சைலன்சர்தான். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த மாற்றுச் சைலன்சர்களைக் கடையில் வாங்கி, வீட்டு முற்றத்தில் தாங்களே மாட்டிக்கொண்டவர்கள் பலர். வேலை அதேதான். முன் நட்டுகள் இரண்டு, பின் போல்ட்டு ஒன்று. மண்ணெண்ணெய் ஊறவைத்த இடத்தில் இப்போது தகரப் போத்தலிலிருந்து துருநீக்கி பீச்சுகிறார்கள்.

இன்று யாழ்ப்பாணத்தில் வீட்டிலேயே சைலன்சர் மாற்றும் இளைஞர்கள் வேறொரு தேவைக்காகவும் அதைச் செய்கிறார்கள். உள்ளிருக்கும் தடுப்பை அறுத்தெடுத்துவிட்டு, அல்லது சத்தத்துக்காகவே செய்த குழாயை மாட்டிக்கொண்டு, பலாலி வீதியில் இரவில் பறக்கிறார்கள். 2025 ஜனவரியில் பொலிசார் நாடெங்கும் இப்படியான மாற்றங்களுக்கு எதிராக நடவடிக்கை தொடங்கினார்கள். இந்திய நகரங்களில் பறித்த சைலன்சர்களை வீதியில் அடுக்கி உருளைப் பொறியால் நசுக்கும் படங்களையும் பார்த்திருக்கிறோம். அப்படிச் செய்த குழாயால் வண்டிக்கு வலு கூடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். காபரேற்றரையோ கணினியையோ அதற்கேற்பச் சரிசெய்யாமல் குழாயை மட்டும் திறந்துவிட்டால் பெரும்பாலும் சத்தமும் எரிபொருட் செலவுமே கூடும், கீழ்வேகத்தில் இழுவை குறையவும் கூடும். புரூக்லான்ட்ஸ் காலத்து முணுமுணுப்புத்தான் இதுவும்.

அவர்களைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. எங்கள் அயலில் ஒரு வீட்டில் அப்படியொரு வண்டி இருக்கிறது. அது ஒழுங்கைக்குள் நுழையும்போதெல்லாம் அந்த வீட்டின் பேத்தியார் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு முற்றத்துக்கு வந்து மேலே பார்ப்பார். பேரன் அதைக் கவனித்து ஒருநாள் காரணம் கேட்டிருக்கிறான். சொன்னாராம். போன மாதம் அவன் பழைய சைலன்சரைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். பின் போல்ட்டை முதலில் இறுக்கப் போனவனைத் தடுத்து, முன்னுக்குள்ளதை முதலில் இறுக்கச் சொன்னேன்.